டாக்டர் வரைந்தால் கலை, காபி போடுகிறவர் வரைந்தால் ஒழுங்கீனமா?

காபி ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர், தன் இடைவேளையில் அந்தக் கடையைப் பற்றியே நகைச்சுவை கார்ட்டூன் வரைகிறார். இது தப்பா?

தப்பே இல்லை. அதைத் தடுப்பதுதான் தப்பு என்பது என் கருத்து. ஒரு மருத்துவரா இதை ஏன் சொல்றேன்னு கொஞ்சம் விரிவா பேசலாம். நீளமான பதிவு மக்களே, பொறுமையா படிங்க.

1) சமீபத்தில் குதிகால் வலின்னு ஒரு தம்பி வந்தார். (அவர் அனுமதியோட, அடையாளம் தெரியாதபடி எழுதுறேன்.) காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துற மாதிரி வலி. நாலு அடி நடந்தா கொஞ்சம் குறையும். சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும். பாதத்தின் அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டை பாதிக்கப்படும் "பிளாண்டார் ஃபேஷியைட்டிஸ்". நாள் முழுக்க நின்னு வேலை செய்றவங்ககிட்ட அதிகம் பார்க்கும் பிரச்சனை.

"வேலையில நடுநடுவுல உட்கார முடியுமா தம்பி?"

"ஒரு ஸ்டூல் இருக்கு சார். ஆனா அதுல கப் பெட்டி உட்கார்ந்திருக்கு."

சொல்லிட்டு போன்ல ஒரு படம் காட்டினார். அவரே வரைஞ்ச கார்ட்டூன். ஸ்டூல் மேல அட்டைப்பெட்டி கால் மேல கால் போட்டு காபி குடிக்குது. பக்கத்துல கடைப் பையன் கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்கிறான். பெட்டி கேக்குது: "தம்பி, சர்க்கரை கம்மியா இருக்கே?"

சிரிச்சுட்டேன். அதே நேரம், நான் பத்து கேள்வி கேட்டு வாங்க வேண்டிய விவரம் அந்த ஒரு படத்துல இருந்தது.

2) இன்னும் சில படங்கள் பார்த்தேன். ஒரு காபி வாங்கிட்டு, நாலு மணி நேரமா லேப்டாப்போட உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு ரேஷன் கார்டுல அந்தக் கடை முகவரி. "சுகர் வேணாம், டயட்ல இருக்கேன்"னு காபி சொல்லிட்டு, கூடவே ரெண்டு பிரவுனி வாங்கும் அங்கிள். (இவர் என் கிளினிக்குக்கும் தவறாம வருவார்!)

யாரையும் புண்படுத்தும் படம் ஒண்ணுகூட இல்லை. யாருடைய முகமும் அடையாளம் தெரியாது.

"இப்போ வரையறதில்லை சார்" என்றார். நோட்டைப் பார்த்த மேனேஜர், ஒழுங்கீனம்னு எழுத்துபூர்வமா எச்சரிக்கை கொடுத்துட்டாராம். அவர் வரைஞ்சது சாப்பாட்டு இடைவேளையில். வீட்டுல அப்பாவும் "இருக்கற வேலையையும் கெடுத்துக்காதே"ன்னு சொல்லிட்டாராம். அவர் சம்பளத்துலதான் வீட்டு வாடகை போகுது. அதனால நோட்டை மூடி வச்சுட்டார்.

3) இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. பிரிட்டனில் இயன் வில்லியம்ஸ் என்று ஒரு மருத்துவர். நோயாளிகள், மருத்துவர்கள், கிளினிக் வாழ்க்கை எல்லாத்தையும் காமிக்ஸா வரைபவர். 2007-ல் "கிராஃபிக் மெடிசின்" என்ற பெயரை உருவாக்கியவர் அவர்தான். 2014-ல் வந்த அவருடைய காமிக்ஸ் நாவலின் பெயரே "தி பேட் டாக்டர்". இன்று அது ஒரு தனித்துறை. மருத்துவ இதழ்களில் காமிக்ஸ் வருது. மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவும் வைக்கிறாங்க.

டாக்டர் தன் வேலையைப் பார்த்துச் சிரித்து வரைந்தால் "கிராஃபிக் மெடிசின்". காபி போடுகிற தம்பி அதையே செய்தால் "ஒழுங்கீனம்". வரைவது ஒண்ணுதான். வரைகிறவர் போட்டிருக்கும் கோட்டும் ஏப்ரனும்தான் வேற. இந்தப் பாகுபாடுதான் எனக்கு உறுத்துது.

4) காபி ஷாப் வேலை காபி போடுவதோடு முடியறதில்லை. சிரிக்கணும். கோபப்படுறவர்கிட்டயும் சிரிக்கணும், கால் வலிச்சாலும் சிரிக்கணும். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-ல் எழுதிய நூலில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து இதுக்கு "உணர்ச்சி உழைப்பு"ன்னு பெயர் வச்சார். உள்ளே ஒண்ணு, முகத்துல ஒண்ணுன்னு நாள் முழுக்க நடிப்பது மனச்சோர்வோட தொடர்புள்ளதுன்னு பின்னால வந்த பல ஆய்வுகள் சொல்லுது.

அப்படி எட்டு ஒன்பது மணி நேரம் சிரிச்ச முகத்துக்கு, தனக்காகச் சிரிக்க ஒரு இடம் வேணும். அந்தத் தம்பிக்கு அது ஒரு நோட்டும் பால்பாயின்ட் பேனாவும். காசு செலவில்லை, பக்க விளைவு இல்லை.

5) "வரைஞ்சா கவனம் சிதறாதா டாக்டர்?"

நியாயமான கேள்வி. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜாக்கி ஆன்ட்ரேட் 2009-ல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். 40 பேருக்கு ஒரு சலிப்பான ஒலிப்பதிவு போட்டுக் காட்டப்பட்டது. பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினாங்க. அவங்களுக்கு மற்றவங்களைவிட 29% கூடுதலா நினைவிருந்தது.

இதை வச்சு "கார்ட்டூன் வரைஞ்சா மூளை வளரும்"னு ஃபார்வர்டு போட்டுடாதீங்க. கட்டம் நிரப்புவது வேற, கார்ட்டூன் வரைவது வேற. 40 பேர் ஆய்வு எல்லாத்துக்கும் தீர்ப்பும் ஆகாது. கையில் பேனா ஓடினா கவனம் போயிடும்னு கண்ணை மூடிட்டு முடிவு கட்ட வேண்டாம், அவ்வளவுதான். கவுண்டர்ல வரிசை நிக்கும்போது வரைஞ்சா மேனேஜர் கேட்கலாம். இடைவேளை அவருடையது.

6) வரைகிறவங்களுக்கும் ஒரு கோடு உண்டு. நான் நோயாளி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது மாதிரிதான். வாடிக்கையாளர் பெயர், முகம், உடல் குறை, நிறம் எதையும் கேலிக்கு எடுக்காதீங்க. நம்மைவிட எளியவரைச் சிரிப்புக்குப் பொருளாக்காதீங்க. பழக்கத்தை, நிலைமையை, நம்மையே கேலி செய்யலாம். நல்ல கார்ட்டூனுக்கு அதுவே தாராளம்.

7) முக்கியமான விஷயத்துக்கு வரேன். கார்ட்டூன் ஆறுதல் தரும், குதிகால் வலியை ஆற்றாது. அதுக்கு நாற்காலி வேணும்.

வேலைக்கு நடுவே உட்காரும் உரிமையைக் கேரளா 2018-ல் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரணும்னு சொன்னது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் படும் பாட்டைப் பார்த்து வந்த சட்டம் அது. அதே நியாயம் காபி மெஷினுக்குப் பின்னால் நிற்கும் கால்களுக்கும் பொருந்தும். தொடர்ந்து நிற்பதால் குதிகால் வலி மட்டுமில்லை, வெரிகோஸ் வெயினும் முதுகு வலியும் வரலாம்.

8) மேனேஜர்களுக்கு: அந்த நோட்டைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டிப் பாருங்க. ஊழியர் நேரில் சொல்லத் தயங்கும் குறை அதில் இருக்கும்.

பெற்றோருக்கு: பிள்ளை வேலையையும் பார்த்து, படமும் வரைஞ்சா அது கெட்டுப்போறது இல்லை.

நின்னு வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு: தினமும் கெண்டைக்கால் தசையையும் பாதத்தையும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்யுங்க. தட்டையான செருப்பைத் தவிர்த்து, குதிகாலைத் தாங்கும் காலணி போடுங்க. மிஞ்சின காபியை எல்லாம் குடிச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. சில வாரம் ஆகியும் வலி குறையலைன்னா, அல்லது காலில் வீக்கமோ மரத்துப்போவதோ இருந்தா மருத்துவரைப் பாருங்க.

கடையிலோ ஷோரூமிலோ நின்னு வேலை செய்றவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க இடத்துல உட்கார ஸ்டூல் இருக்கா, அதுல உட்கார விடுறாங்களான்னு கமென்ட்ல சொல்லுங்க. கடை பெயர் வேண்டாம். படம் வரைஞ்சு போட்டா இன்னும் சந்தோஷம்.