குடியானவரும் கடிதப் போக்குவரத்தும்

கடிதம் எழுதுவது காரியாலயத்தாரின் வேலை என்றும், ஏர் பிடிப்பவருக்கு அதனால் ஆகக்கூடியது யாதொன்றுமில்லை என்றும் ஓர் அபிப்பிராயம் கிராமங்களில் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. வடக்கனந்தல் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. கோமுகி அணைப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கும் நிலக்காரர்களும், மேட்டு நிலத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுவோரும், பயிருக்கு ஏதேனும் கேடு வந்தால் மருந்துக் கடைக்குச் செல்கின்றனர். இல்லையேல் அதிகாரி வரும் நாளை எதிர்பார்த்திருக்கின்றனர். ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாமே எழுதிக் கேட்கலாம் என்னும் எண்ணம் பெரும்பாலோர்க்குத் தோன்றுவதில்லை. விஞ்ஞானிகளைப் புகழும்போதும், அவர்கள் கண்ட ரகங்களையும் பெற்ற விருதுகளையும் சொல்வார்களேயன்றி, அவர்கள் அன்றாடம் எழுதிய சாதாரணக் கடிதங்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்நாட்டின் உணவு நிலையை மாற்றிய பெருங்காரியம் ஒன்று, சிறிது விதை கேட்டு எழுதிய கடிதத்தில்தான் தொடங்கியது.

அதை எழுதியவர் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் 1925இல் பிறந்து, கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் பயின்று, 1954 முதல் புதுடில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அந்நாளில் வடநாட்டில் விளைந்த கோதுமை ரகங்கள் நெடிய தாளுடையவை. உரத்தை மிகுதியாக இட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் உரமும் நஷ்டம், மணியும் நஷ்டம். தாள் குட்டையாகவும் கதிர் குறையாமலும் உள்ள இனம் கிடைத்தாலன்றி உரமிட்டும் பிரயோஜனமில்லை என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஆர்வில் வோகல் என்பவர் அத்தகைய கோதுமையை உண்டாக்கியிருப்பதை அறிந்து, விதை அனுப்புமாறு 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவாமிநாதன் அவருக்கு எழுதினார்.

வந்த மறுமொழியைக் குடியானவர்களைக் காட்டிலும் உத்தியோகஸ்தர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வோகல் விதையை அனுப்பினார். அத்துடன் நில்லாமல், தம்முடைய கோதுமை நீண்ட கடுங்குளிரைக் கடந்த பின்னரே கதிர்விடும் இனமாதலின் இந்தியாவின் குறுகிய குளிர்காலத்துக்கு ஒவ்வாதிருக்கக்கூடும் என்றும், மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் என்பவர் அதே குட்டைத் தன்மையை வசந்தகாலக் கோதுமையில் ஏற்றியிருப்பதால் அவரைக் கேட்பதே நலம் என்றும் தெரிவித்தார். தம் சரக்கு தகாதென்று தாமே சொல்லி, தக்கவரின் பெயரையும் கொடுத்த மறுமொழி அது. கேட்டவருக்கு விதையை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாதிருந்தால் ஒருவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் டில்லியில் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகக் கழிந்திருக்கும்.

வோகலுக்குக் கிடைத்த குட்டைத் தன்மையும் பொட்டலமாக வந்ததேயாகும். ஜப்பானில் 1935இல் வெளியான நோரின் 10 என்னும் கோதுமையை, யுத்தம் முடிந்தபின் அங்கே விவசாய ஆலோசகராயிருந்த சால்மன் என்ற அமெரிக்கர் கண்டு, 1946இல் தம் நாட்டுக்கு விதை அனுப்பினார். வோகல் அதைத் தம் ரகங்களுடன் கலந்தார். 1950க்குப் பிந்திய சில ஆண்டுகளில் அவரிடமிருந்து போர்லாக் விதை கேட்டுப் பெற்றார். எந்த ரகம், எங்கிருந்து வந்தது, எதனுடன் கலந்தது என்னும் குறிப்பு ஒவ்வொரு பொட்டலத்துடனும் சென்றிராவிடில், நாலாவது கையில் அது வெறும் தானியமாகவே இருந்திருக்கும்.

போர்லாக் 1963 மார்ச்சு மாதம் இந்தியாவுக்கு வந்து பயிர்களைப் பார்வையிட்டார். சோனோரா 63, சோனோரா 64, மேயோ 64, லெர்மா ரோஜோ 64-ஏ ஆகிய ரகங்களின் விதை அவரிடமிருந்து வந்தது. 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை கப்பலேறியது. 1968இல் கோதுமைப் புரட்சி என்ற பெயரால் தபால் இலாகா ஒரு தலையே வெளியிட்டது. கடிதத்தில் பிறந்த காரியம் தபால் தலையில் ஏறியது பொருத்தமே.

இதனினும் சாதாரணமான கடிதங்களும் உண்டு. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றிய டாக்டர் ஜானகி அம்மாள், பிற்பாடு இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் விஞ்ஞானியுடன் சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் கணக்கை 1945இல் நூலாக வெளியிட்டார். அவ்விருவருக்கும் இடையே பல பத்தாண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்தது. பெரிய தத்துவங்கள் மட்டுமல்ல, எந்த மலையில் எந்தச் செடி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பனவும் அம்மையாரின் கடிதங்களில் உண்டு. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்று, அப்பகுதியில் இருந்த ஒரே மக்னோலியா மரத்தைத் தேடியபோது, அது எரிக்கப்பட்டுவிட்டதைக் கண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அங்கே அப்படியொரு மரம் இருந்தது என்பதற்கு அக்கடிதமே இப்போது சாட்சி.

வடக்கனந்தலுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்கப்படலாம். அதற்கு மரவள்ளியே விடை சொல்லும். சுமார் 2008 முதல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டில் பரவி மரவள்ளியையும் தாக்கியது. அதை அடக்க 2010இல் ஒரு சிறு குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்டது, பூச்சி தணிந்தது. பின்னர் 2020இல் கேரளத்துத் திருச்சூரில் வேறொரு மாவுப்பூச்சி மரவள்ளியில் காணப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளிலும் புகுந்தது. இதன் உடல் இளஞ்சிவப்பு, முன்னது மஞ்சள். இது தாக்கிய செடியின் நுனி வளராமல் கொத்தாய்ச் சுருண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெண்பஞ்சுதான். ஆனால் முதற்பூச்சியை அழித்த குளவி இரண்டாவதை அழிக்காது. ஆகவே 1981இல் பராகுவே நாட்டில் கண்டெடுக்கப்பட்டு, ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த மற்றொரு குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வள நிலையத்தார் வரவழைத்து வளர்த்தனர். கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம் ஜில்லாவிலுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சு மாதம் அக்குளவி விடப்பட்டது.

மலைக்குக் கிழக்கேயுள்ள ஒரு நிலக்காரர், மரவள்ளியில் மாவுப்பூச்சி, உடனே நடவடிக்கை வேண்டும் என்று மட்டும் எழுதினால், இவ்விரண்டில் எதைச் சொல்கிறார் என்பதை யார் அறிவர்? கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது இப்பொழுது வழக்கமாயிருக்கிறது. நல்ல வசதியே; எனினும் ஊரும் ரகமும் நட்ட தேதியும் இல்லாத படம் விலாசமில்லாத உறையைப் போன்றது. சுருண்ட நுனியைப் பூச்சியுடன் கிள்ளிக் காற்றுப்புகாத பையில் கட்டி, கரணை எங்கிருந்து வாங்கப்பட்டது, முதலில் எந்த மூலையில் கண்டது, எத்தனை நாளாயிற்று, இதுவரை எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்று நாலு வரி எழுதிக் கொடுப்பவர், பத்து முறை அலைபவரைவிட இலாகாவிடம் அதிகம் வேலை வாங்குவார்.

கரும்பிலும் இப்படியே. கச்சிராயபாளையத்து ஆலைக்குக் கரும்பு வெட்டும் வட்டாரமாதலால், ஒரு வயலின் கரணை பத்து வயலுக்குப் போகிறது. நோயும் உடன் போகிறது. கரும்பு காய்கிறது என்பது தகவலன்று. தண்ணீர்க் குறையாலும் காயும், குருத்துப் புழுவாலும் காயும், செவ்வழுகலாலும் காயும். கழியை நெடுக்கில் பிளந்து, உள்ளே சிவப்பும் குறுக்கே வெள்ளைத் திட்டும் இருந்தனவா, புளித்த வாடை வந்ததா, நடவுப் பயிரா மறுதாம்பா என்று எழுதினால், படிப்பவர் வயலுக்கு வருமுன்னரே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். கரணையை எவரெவருக்குக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுவது அயலாருக்குச் செய்யும் உபகாரம். இதை எழுதக் கூசுபவர்களே அதிகம். அக்கூச்சத்தால் விளையும் நஷ்டத்தை அடுத்த பட்டத்தில் ஊரே தாங்குகிறது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. அடங்கலில் புல எண்ணும் பரப்பும் பயிரும் பிசகாமல் பதியப்படுகின்றன. நெல் என்று எழுதினால் வரிக் கணக்குக்குப் போதும். ஆனால் எந்த நெல் என்பது அடுத்த ஆண்டு எவருக்கும் நினைவிருப்பதில்லை. ஊருக்கு ஒரு தனிக் குறிப்பேடு வைத்து, ரகத்தின் பெயரையும் அனுப்பிய கடிதங்களின் நகலையும் அதில் சேர்த்து வைப்பது பெருஞ்சிரமமன்று. பயிர் நிலை திருப்திகரம் என்று மாதந்தோறும் ஒரே வாசகத்தை எழுதுவதைவிட இது பயனுடையது என்பதை அவர்களும் அறிவர்.

எழுதினாலும் பதில் வருவதில்லை என்று குடியானவர் முறையிடுவதுண்டு. அம்முறையீடு முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆவன செய்யப்படும் என்னும் வாசகத்தோடு முடியும் பதில், பதிலே வராததற்குச் சமம். வோகல் செய்தது போல, இது இங்கே ஆகாது, இன்ன இடத்தில் கேளுங்கள் என்று ஒரே வரியில் ஒரு மாதத்துக்குள் சொல்வது இலாகாவின் எந்த நிலையிலுள்ளவருக்கும் இயலாத காரியமன்று. தெரியாததைத் தெரியாதென்று எழுதுவதால் உத்தியோகத்தின் கௌரவம் குறைந்துவிடாது. அவ்வாறு எழுதாமையால் குறைந்த கௌரவமே இன்று மிகுதி.

மலைமேல் இப்போது செய்யத்தக்க வேலையொன்று காத்திருக்கிறது. கல்வராயன் மலைக் குடிகள் மானாவாரியாய் விதைத்துவரும் சாமை, மரவள்ளியும் மக்காச்சோளமும் ஏறிய நிலங்களில் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாக எடுத்துவைத்த விதை, ஓராண்டு விதைக்காமல் விட்டால் மறு ஆண்டு பறவைக்கும் பூச்சிக்கும் போய்விடும். இரண்டாண்டு விட்டால் பெயரும் மறந்துவிடும். திருவண்ணாமலை ஜில்லா அத்தியந்தலில் சிறுதானியங்களுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. அடுத்த அறுப்பில் நன்கு முற்றிய கதிர்களினின்று கைப்பிடி மணியைத் தனியே உலர்த்தித் துணிப்பையில் முடிந்து, ஊர், கொல்லையின் சரிவு, அவ்வூரார் அதற்கு வழங்கும் பெயர், விதைத்த மாதம், அறுத்த மாதம் ஆகியவற்றை எழுதி அனுப்பலாம். எழுத வராதவருக்குக் கிராம நிர்வாக அலுவலரோ பள்ளி ஆசிரியரோ எழுதிக் கொடுக்கட்டும். அனுப்பியதில் பாதி அளவை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வதும், நகலில் தேதி இடுவதும் மறக்கத்தக்கனவல்ல.