பெர்மிட் போனவருக்கும் வக்கீல் வேண்டும்

2023 டிசம்பர் 20 அன்று, ஜோகூரின் தென்கிழக்கு மூலையில் உள்ள பெங்கெராங்கில் 171 பங்களாதேசத் தொழிலாளர்கள் சாலையோரமாகக் கூட்டமாய் நடந்துபோனார்கள். அவர்கள் போய்க்கொண்டிருந்த இடம் பாயு டாமாய் காவல் நிலையம். ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, முறையாக விமானம் ஏறி வந்து மாதக்கணக்காகியும் சொன்ன வேலை கிடைக்கவில்லை. அதைப் புகாராக எழுதிக்கொடுக்கத்தான் அந்த நடை. போலீஸ் அவர்களைப் பிடித்துக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைத்தது. விவகாரம் நாடறிந்த பிறகுதான் தொழிலாளர் துறை விசாரணையில் இறங்கியது. விசாரித்தபோது ஏமாந்தவர்கள் 171 பேரோடு நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. கடைசியில் 733 தொழிலாளர்களுக்கு 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் சம்பள பாக்கி தருவதாக முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

உரிமை அவர்கள் பக்கம்தான் இருந்தது. கைதாகும்போது அதைச் சொல்ல ஒரு வக்கீல் பக்கத்தில் இல்லை.

இப்படி ஒரு செய்தி வந்தால் மாமாக் கடை மேசைகளில் கேட்கும் பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததே. "பெர்மிட் இல்லாதவன் சட்டத்தை மீறியவன். அவனுக்குச் சட்ட உதவியா? அதுவும் நம்ம வரிப்பணத்திலா? பிடிச்சு ஊருக்கு அனுப்பிட்டா செலவு மிச்சம்." மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை மனிதத்தன்மை அற்றது என்பது இருக்கட்டும். கணக்காகப் பார்த்தாலும் இது தவறு, சட்டமாகப் பார்த்தாலும் தவறு.

பெர்மிட் எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பலர் நினைப்பதுபோல எல்லாரும் இரவில் படகேறி வந்து இறங்கியவர்கள் அல்லர். முறைப்படி வந்து, இங்கே இருக்கும்போதே தாளை இழந்தவர்கள் ஏராளம். வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை, படுக்கை, பெர்மிட், மருத்துவக் காப்பீடு ஆகிய நான்கையும் ஒரே முதலாளியின் கையில் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறது நம் நாட்டு ஏற்பாடு. பல இடங்களில் பாஸ்போர்ட்டும் முதலாளியின் அலமாரியில்தான் இருக்கும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்றாலும் நடப்பு அதுதான்.

பாசிர் கூடாங்கில் ஒரு கட்டுமானத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் இருக்கும்போதே அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்படுகிறது. டிஸ்சார்ஜ் தாளோடு ஊன்றுகோலில் திரும்பி வந்தால் விடுதியில் அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார். பெட்டி வாசலில் இருக்கிறது. வேலை போனதும் பெர்மிட் போனது, பெர்மிட்டோடு காப்பீடும் போனது. அன்றிரவு அவர் கடையின் ஐந்தடி நடைபாதையில் படுக்கிறார். அந்த நாளிலிருந்து நாட்டின் கண்ணில் அவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் செய்த குற்றம் என்ன? நோயாளியானதுதான்.

உண்மையில் அவருக்குக் கிடைக்க வேண்டியவை எழுத்தில் இருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். மருத்துவச் செலவும், வேலை செய்ய முடியாத நாட்களுக்கான ஈட்டுத்தொகையும், நிரந்தர ஊனத்துக்கான தொகையும் உண்டு. ஆனால் முதலாளி தெரிவிக்காமல் விட்டால் கேட்பவர் யார்? மலாய் படிக்கத் தெரியாத, நடக்க முடியாத, கைப்பேசியில் சார்ஜ் இல்லாத ஒருவரா?

வழக்குப் போட்டாலும் அடுத்த சிக்கல் தயாராக இருக்கிறது. பெர்மிட் போனவர் வழக்கு முடியும்வரை நாட்டில் தங்கக் குடிநுழைவுத் துறையிடம் சிறப்பு பாஸ் வாங்க வேண்டும். மாதம் 100 ரிங்கிட். அந்த பாஸில் வேலை செய்யக் கூடாது. வேலை செய்யாமல் 100 ரிங்கிட் எங்கிருந்து வரும், சாப்பாடு எங்கிருந்து வரும் என்று அந்த விதி கேட்பதில்லை. வழக்கறிஞர் மன்றம் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறது. வழக்கு முடியும் முன்பே வாதி பசியால் தோற்றுப்போகிறார். முதலாளிக்குக் காத்திருந்தால் போதும்.

நோய் பக்கம் வருவோம். அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் குடிமகன் 1 ரிங்கிட் கட்டும் இடத்தில் வெளிநாட்டவருக்கு 40 ரிங்கிட். நிபுணரைப் பார்க்கக் குடிமகனுக்கு 5, வெளிநாட்டவருக்கு 120. படுக்கையில் சேர்ப்பதென்றால் முன்பணமாகவே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கட்ட வேண்டும். இதற்கும் மேலே சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டு சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு வரும் தாளில்லாதவரைப் பற்றி மருத்துவ ஊழியர்கள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. இருமலோடு வருபவருக்குக் கைது காத்திருக்கிறது என்றால் அவர் வரவே மாட்டார். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமியாக அது மாறலாம். அந்தக் கிருமி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் அடையாள அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

2020இல் நாம் இதைக் கண்ணால் பார்த்தோம். கோவிட் தொடக்கத்தில், தாளில்லாதவர்கள் பரிசோதனைக்குப் பயப்படாமல் வரலாம் என்று அரசாங்கம் சொன்னது. ஆனால் மே 1 அன்று கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியா சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். அதே மாதம் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமுக்குள் தொற்று வெடித்தது. செமினி, சிப்பாங் முகாம்களிலும் கண்டுபிடித்தார்கள். பிடித்து அடைத்ததால் நோய் குறையவில்லை.

அடைத்த பிறகு நடப்பதைச் சொல்லியாக வேண்டும். 2022இல் மட்டும் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் 150 பேர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் குழந்தைகள். இது உள்துறை அமைச்சே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. ஜோகூரில் அப்படி ஒரு முகாம் பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நெனாஸில் இருக்கிறது. முகாம்களுக்குள் நடப்பதை முதலில் உரக்கச் சொன்னவர் தெனகானித்தா என்ற தொண்டமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ். சுங்கை பட்டாணியில் பிறந்து தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் அவர். 1995இல் அவர் வெளியிட்ட அறிக்கைக்காக அடுத்த ஆண்டு அவர்மீதே வழக்குப் போட்டார்கள். 2003இல் 12 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2008இல்தான் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சொன்னவரைப் பதின்மூன்று ஆண்டு அலைக்கழித்த நாட்டில், உள்ளே கிடக்கும் நீரிழிவு நோயாளி தனக்கு இன்சுலின் வேண்டும் என்று யாரிடம் முறையிடுவார்?

"அவன் குடிமகன் அல்லவே" என்பார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும்போது எல்லா மனிதருக்கும் என்றுதான் சொல்கிறது. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையும் அங்கேதான் இருக்கிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 8ஆவது விதியின் முதல் உட்பிரிவும் குடிமகன் என்று பிரித்துப் பேசவில்லை. 5ஆவது விதியில் ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம் வருகிறது. குடிமகனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அது 14 நாள். டயாலிசிஸ் நோயாளிக்கு, நிறைமாதக் கர்ப்பிணிக்கு 14 நாள் எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு பிரம்படி வரை போகலாம். 2005 முதல் 2010 வரை குடிநுழைவுக் குற்றங்களுக்காக 29,759 வெளிநாட்டவர்கள் பிரம்படி வாங்கினார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. இவர் முதலாளியால் ஏமாற்றப்பட்டவர், இவருக்கு இதயக் கோளாறு என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள்?

அரசாங்கப் பணத்தில் இயங்கும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் குற்றவியல் வழக்குகளுக்கு உதவுகிறது. நல்ல காரியம். ஆனால் வயதுவந்த வெளிநாட்டவருக்கு அதில் இடமில்லை. மிச்சமிருப்பது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். ஜோகூரிலும் அது இருக்கிறது. அதன் நிதிக்கு ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் தம் கையிலிருந்து கொடுக்கிறார். ஆக, இவர்களுக்கு இன்று கிடைக்கும் கொஞ்சநஞ்ச சட்ட உதவியில் மாமாக் கடை மேசைக்காரர் பயப்படும் வரிப்பணம் இல்லை.

அந்த வரிப்பணம் வேறு இடத்தில் போகிறது. பில் கட்ட முடியாத நோயாளியை மருத்துவமனை சுமக்கிறது. முகாமில் மாதக்கணக்கில் சோறு போடுவது அரசாங்கம். 2024இல் தாயகம் திரும்பும் திட்டம் ஒன்று நடந்தது. அனுமதியின்றி நுழைந்தவர், காலம் கடந்து தங்கியவர் 500 ரிங்கிட் கட்டிவிட்டுப் போகலாம் என்றது அது. நடைபாதையில் படுப்பவரிடம் 500 ரிங்கிட்டும் விமான டிக்கெட்டும் எங்கே இருக்கும்? ஊருக்கு அனுப்பினால் மிச்சம் என்பவர்கள் விரும்பும் அந்த வழியைக்கூடப் பிடிக்க முடியாத நிலையில்தான் நோயாளிகள் கிடக்கிறார்கள். ஒரு வக்கீல் எழுதும் நோட்டீஸ் சொக்சோ கோப்பைத் திறக்க வைக்கும், முதலாளியிடமிருந்து சம்பள பாக்கியை வாங்கும். அந்தப் பணத்தில் மருத்துவமனை பில் அடையும், டிக்கெட் வாங்கலாம். ஓடிப்போன முதலாளியின் கடனை இன்று கட்டிக்கொண்டிருப்பது பொதுமக்கள்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் இதே முடிச்சு உண்டு. அடிபட்டு, விடுதியை விட்டு வெளியேறி, ஈட்டுத்தொகைக்காகக் காத்துக் கிடந்த தமிழக, பங்களாதேசத் தொழிலாளர்களுக்காக 2008இல் டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கியது. இலவசச் சாப்பாடு. சாப்பிட வருபவரிடமே வழக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டு, அடுத்த படியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சோற்றையும் சட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்தது நல்ல யோசனை. ஜோகூர் பாருவில் அதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

தமிழர்களிடம் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. "முதல்ல நம்ம ஆளுங்களைப் பாருங்க" என்று நாம் சொல்கிறோம். சாலை ஓரங்களில் கிடக்கும் நம் முதியவர்களை, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் தோட்டத்துப் பாட்டிகளை, பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகளை நினைத்துச் சொல்லும்போது அதில் நியாயமான வலி இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிக்கு வேண்டியதும் இதே வக்கீல்தான், இதே மனுதான். தாளில்லாதவருக்கு உரிமை இல்லை என்ற வாதம் ஊன்றிவிட்டால் அது முதலில் அந்தப் பாட்டியைத்தான் இடிக்கும். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் விதி இறுகியபோது, குடியுரிமைத் தாளில்லாத பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுக்காக வாதாட அன்று எத்தனை வக்கீல்கள் இருந்தார்கள்?

நிதி எங்கிருந்து என்ற கேள்விக்கும் நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1907இல் காலனி அரசு தமிழர் குடியேற்ற நிதியை உருவாக்கி, தமிழ்த் தொழிலாளிகளை வேலைக்கு வைத்த முதலாளிகளிடம் ஆள்கணக்குப் போட்டு வசூலித்தது. ஆளைக் கொண்டுவரத்தான் அது முதலில் பயன்பட்டது. பிறகு நோயுற்றவர்களையும் உடல் தளர்ந்தவர்களையும் ஊருக்கு அனுப்பவும், போக இடமற்றவர்களுக்கு இல்லம் நடத்தவும் அதிலிருந்து செலவழித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999இல் கலைக்கப்பட்டது. ரப்பரிலும் லாபத்திலும் மட்டுமே கண்ணாக இருந்த அரசுகூட, உழைப்பை எடுத்தவர் உழைத்தவரின் நோய்க்கும் பணம் கட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டிருந்தது.

இன்றும் வசூல் நடக்கிறது. அதற்குப் பெயர் லெவி. தீபகற்பத்தில் உற்பத்தி, கட்டுமானம், சேவைத் துறைகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட், தோட்டத்துறையில் 640. நாட்டில் பெர்மிட்டோடு வேலை செய்யும் வெளிநாட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு 10 ரிங்கிட் ஒதுக்கினால் 2 கோடி ரிங்கிட் வரும். 20,000க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் தலைக்கு 100 ரிங்கிட் போட்டுச் சேர்க்கும் தொகையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. இதில் குடிமகனின் வரிப்பணம் ஒரு சென் இல்லை.

அந்தப் பணத்தில் ஜோகூரில் மூன்று இடங்களில் சம்பளத்துக்கு வக்கீலை வைக்கலாம். அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் ஒருவர் இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே சொக்சோ கோப்பு திறக்கும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு உட்காரலாம். பெக்கான் நெனாஸில் ஒருவர் 14ஆம் நாளுக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே நோயாளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். இதோடு சிறப்பு பாஸின் 100 ரிங்கிட் கட்டணத்தை நோயாளிகளுக்கு நீக்க வேண்டும். 2001 சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டுமே அமைச்சர்கள் ஒரு கையெழுத்தில் செய்யக்கூடியவை. லெவியில் 10 ரிங்கிட்டை ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அங்கே ஜோகூருக்கு 26 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் தாக்கலாகும்போது அவர்களில் யார் எழுந்து அதைக் கேட்கப் போகிறார்கள் என்று அவரவர் தொகுதி மக்கள் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.