பத்து நாள் அவகாசம்: பழைய இயங்குதளத்திற்குத் திரும்புவது குறித்து

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழக்கமாக அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டிய மாதங்களில் நம் வீடுகளிலும் கடைகளிலும் மஹல்லா அலுவலகங்களிலும் இருந்த கணினிகள் பல விண்டோஸ் 11-க்கு மாறின. மாறியவற்றுள் பெரும்பாலானவை சொல்லிக்கொள்ளும்படியான தொல்லை எதுவும் தரவில்லை. தொல்லை தந்தவை குறித்தே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

அத்தொல்லைகள் எப்படிப்பட்டவை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிய பில் பிரிண்டரைக் கணினி அடையாளம் காண மறுக்கிறது. நான்கு ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட மடிக்கணினி, தட்டிய எழுத்தைத் திரையில் காட்டவே திணறுகிறது. ஜமாஅத்தின் சந்தாக் கணக்கும் நிக்காஹ் பதிவுகளும் அடங்கிய பழைய மென்பொருள் திறக்க மறுக்கிறது. இந்நிலையில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. “புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று பொறுத்துக்கொள்வார்கள்; அல்லது சர்வீஸ் கடைக்குத் தூக்கிச் சென்று “பார்மட் அடித்துக் கொடுங்கள்” என்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. முன்பிருந்த இயங்குதளத்திற்கே, கோப்புகள் கலையாமல், திரும்பிச் செல்வதே அது. அவ்வாறு திரும்புவது பின்னடைவும் அன்று, அறியாமையும் அன்று. பல வேளைகளில் அதுவே சரியான முடிவு என்பது நம் கருத்து. ஆனால் அந்த வழி வெகு சீக்கிரத்தில் அடைபட்டுவிடுகிறது என்பதே நம் கவலை.

அது இயங்கும் முறை எளியது. விண்டோஸ் 10 மீது விண்டோஸ் 11 ஏறும்போது, பழைய இயங்குதளம் உடனே அழிக்கப்படுவதில்லை. சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறைக்குள் அது அப்படியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘ரிகவரி’ என்று சென்றால், ‘கோ பேக்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் காரணம் கேட்கும். எந்தக் காரணத்தையும் சொல்லலாம். சொந்தக் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றத்திற்குப் பின் நிறுவிய மென்பொருள்களும், அதன்பின் செய்துகொண்ட அமைப்புகளும் மட்டும் போய்விடும். பழைய விண்டோஸுக்குள் நுழையப் பயன்படுத்திய கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகப்பட்டிருக்க வேண்டும். வேலை தொடங்கிய பின் நடுவில் அணைக்கக் கூடாது.

இந்தப் பொத்தான் பத்து நாள்கள் மட்டுமே உயிரோடு இருக்கும். பதினோராம் நாள் கணினி தானாகவே அந்தப் பழைய கோப்புறையை அழித்து இடத்தை மீட்டுக்கொள்கிறது. அதற்கு முன்பே யாரேனும் ‘இடம் போதவில்லை’ என்று டிஸ்க் கிளீனப் செய்து, ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்தக் கணமே வழி மூடப்பட்டுவிடும். வீட்டில் கணினி அறிந்த பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு செய்யும் இந்தத் துப்புரவு, பெரியவர்களின் திரும்பும் வழியை அடைத்துவிடுவது உண்டு.

பத்து நாள்கள் போதுமா? போதாது என்றே நாம் உறுதியாகக் கருதுகிறோம். 2015-இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது இந்த அவகாசம் முப்பது நாள்களாக இருந்தது. 2016 ஆகஸ்டில் வந்த பெரிய புதுப்பித்தலோடு அது பத்தாகக் குறைக்கப்பட்டது. ஒரு கடைக்காரரின் வாழ்வில் பத்து நாள் என்பது எவ்வளவு? ஜிஎஸ்டி கணக்கை அவர் மாதம் ஒருமுறை தாக்கல் செய்கிறார். டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கனை அன்றுதான் செருகுகிறார். அதற்கான டிரைவர் புதிய இயங்குதளத்தில் வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரியவரும். அதற்குள் பத்து நாள் கடந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காக மட்டும் பழைய கணக்கு மென்பொருளைத் திறக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. குறை தென்படுவதற்கே காலம் தேவைப்படும் பொருளுக்கு, திருப்பித் தரும் காலத்தைப் பத்து நாளாக வைப்பது நியாயமன்று. வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் அதைத் திருப்பித் தரும் உரிமையைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் ‘கியார்’ என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. இலவச மேம்படுத்தல் ஒரு விற்பனை அன்று என்பதால் அந்தச் சட்டத்தை இங்கே அப்படியே பொருத்த நாம் முனையவில்லை. ஆயினும் அதன் பின்னுள்ள நியாய உணர்வு இதற்கும் பொருந்தும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு, பலர் அறியாதது. அந்தப் பத்து நாள் முடிவதற்குள், நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் ‘டிஸம்’ என்ற கருவியின் ஒரு வரிக் கட்டளை மூலம், இந்த அவகாசத்தை அறுபது நாள்கள் வரை நீட்டித்துக்கொள்ளலாம். கணினி பழுதுபார்ப்பவர் எவருக்கும் அது ஒரு நிமிட வேலை. மேம்படுத்தியவுடன், எந்தத் தொல்லையும் தெரியாத நிலையிலேயே, “திரும்பும் அவகாசத்தை அறுபது நாளாக்கிக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வசதியை நிறுவனமே வைத்திருக்கிறது. ஆனால் சாதாரணக் குடும்பத்தவர் கண்ணில் படும் இடத்தில் வைக்கவில்லை. நம் குறைபாடு அதுதான்.

திரும்பிச் செல்ல விரும்புவோரை ‘காலத்திற்கு ஒவ்வாதவர்கள்’ என்று எள்ளுவோர்க்கு வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 2007 தொடக்கத்தில் விஸ்டா வெளிவந்தபோது அதை ஏற்க மறுத்தவர்களின் எண்ணிக்கை சிறியதாக இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில், வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, டெல் நிறுவனம் தன் சில கணினிகளில் மீண்டும் விண்டோஸ் எக்ஸ்பி-யை வழங்கத் தொடங்கியது. 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொன்ன அறிவிப்புச் சாளரத்தின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களின் செயல்கூட, குறித்த நேரத்தில் மாற்றுவதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கேளாமல் நிகழ்ந்த மாற்றத்தால் தொழில் கெட்டது என்று வழக்குத் தொடுத்த கலிபோர்னியா பயண முகவர் ஒருவருக்கு 10,000 டாலர் கிடைத்தது. 2018 அக்டோபரில் வெளியான புதுப்பித்தல், சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டதால் சில நாள்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே ஐயப்படுவோரின் ஐயத்திற்கு ஆதாரம் இருக்கிறது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். பழையதற்குத் திரும்புவது வேறு. பாதுகாப்பு நின்றுபோன பழையதிலேயே காலமெல்லாம் குடியிருப்பது வேறு. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. அதை நிறுவாதவர்களே பெரிதும் அடிபட்டனர். ஆகவே விண்டோஸ் 10-க்குத் திரும்புவோர், திரும்பிய அன்றே ‘நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள்’ திட்டத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை உண்டு. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. விரும்பாதவர்கள் 30 டாலர் அளவிலான தொகை செலுத்த வேண்டும். இது நிரந்தரத் தீர்வு அன்று. புதிய பிரிண்டர் வாங்கவும், கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பைக் கேட்டு வாங்கவும், பழைய பதிவுகளை வேறு வடிவத்தில் மாற்றிக்கொள்ளவும் கிடைக்கும் கால அவகாசம், அவ்வளவே.

இனி, நமக்கு மிகவும் வருத்தம் தரும் செய்திக்கு வருவோம். நம் ஊர்களில் கணினியில் எந்தக் கோளாறு என்றாலும் ‘பார்மட்’ என்பதே முதல் மருந்தாகிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. காரணத்தைத் தேடி இரண்டு மணி நேரம் செலவிட்டால் அதற்குக் கூலி தர நாம் தயாராக இல்லை. பார்மட் என்றால் எல்லோருக்கும் புரியும், விலையும் தெரியும். ஆனால் அந்த வன்தட்டில் இருப்பது என்ன? மறைந்துபோன வாப்பாவின் கடைசிப் புகைப்படங்கள், வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய ஆவணங்கள், மகளின் நிக்காஹ் காணொளி, பத்திரங்களின் ஸ்கேன் நகல்கள். சி டிரைவில் உள்ள ‘டெஸ்க்டாப்’, ‘டாகுமெண்ட்ஸ்’ ஆகியவற்றிலேயே இவை பெரும்பாலும் கிடக்கும். பார்மட்டில் முதலில் போவதும் அவையே. கோ பேக் பொத்தானை அழுத்தியிருந்தால் அவை அனைத்தும் அதே இடத்தில் இருந்திருக்கும்.

மஹல்லா அலுவலகக் கணினி என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. பல குடும்பங்களின் திருமணப் பதிவுகளும் கப்ருஸ்தான் பதிவுகளும் அதில் இருக்கலாம். அவை எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமல்ல, அமானிதம். அந்தக் கணினியில் யாரோ ஒரு வாலிபர் ஆர்வத்தில் ‘அப்கிரேடு’ பொத்தானை அழுத்தும் நிலை இருக்கவே கூடாது. அழுத்துவதற்கு முன் பதிவுகள் முழுவதையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்துவிட வேண்டும். கணினியில் சாதனக் குறியாக்கம் இயங்குகிறது என்றால் அதன் மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதிச் செயலாளரிடம் வைத்திருக்க வேண்டும். கோ பேக் பொத்தான் நகலுக்கு மாற்றாகாது. அதுவும் சில நேரம் நடுவழியில் தோற்பது உண்டு.

மேம்படுத்தத் தகுதியே இல்லாத கணினிகளைப் பற்றியும் ஒரு சொல். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் எனில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. தொடக்க ஆண்டுகளில் வந்த அந்த மடிக்கணினிகள் அதற்கு எட்டா. சில கடைகளில் இந்தச் சோதனையைக் குறுக்குவழியில் தாண்டி நிறுவித் தருகிறார்கள். அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வன்தட்டைத் துடைத்துவிட்டு நிறுவியிருந்தால் திரும்பும் பொத்தானும் அங்கே இராது. அதைவிட, அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே தரப்பட்ட ‘பாஸ்’ போன்ற லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றின் இன்றைய பதிப்பை நிறுவிக்கொள்வது மேல். பாடம் படிக்கவும், கடிதம் தட்டவும், குர்ஆன் ஓதுதலைக் கேட்கவும் அது போதும்.

விண்டோஸ் 11-க்கு மாறி இன்னும் பத்து நாள் ஆகாதவர்கள், எந்தத் தொல்லையும் இல்லை என்றாலும், இன்றே பிரிண்டரில் ஒரு பில் அடித்துப் பாருங்கள். யுஎஸ்பி டோக்கனைச் செருகிப் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை திறக்கும் அந்தப் பழைய மென்பொருளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.