பஞ்சும் நெஞ்சும்



ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாய் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் பால்கோவாவும். ஆனால் இங்கே பிறந்த நமக்குத் தெரியும், பல வீடுகளில் அடுப்பு எரிவது மில் சம்பளத்தில்தான். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார்கள். அதன்பின் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஆலைகள்! சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எங்கோ இருப்பவரின் காயத்தைக் கட்டுகிறது. அந்தப் பஞ்சைப் பிரிப்பவரின் நெஞ்சை யார் பார்ப்பது?

எங்கப்பா சின்ன மில் ஒன்றில் புளோரூமில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். "லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது தம்பி, மறுநாள் தேவலை" என்பார். "வேலைக்குப் போகக் கசக்குதாப்பா?" என்று நான் சிரித்திருக்கிறேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அவர் சொன்னதுதான் நோயின் முதல் அடையாளம்!

அதன் பெயர் பிசினோசிஸ். பருத்தியோடு வரும் இலை, சருகுத் தூளிலும் அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சிலும் மூச்சுக்குழலின் சின்னக் கிளைகள் சுருங்குகின்றன. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. முதலில் வார விடுமுறைக்கு மறுநாள் மட்டும் மூச்சு முட்டும். பிறகு தினமும் முட்டும். கடைசியில் வேலையை விட்டாலும் விடாது. பீடி குடிப்பவருக்கு இன்னும் சீக்கிரம். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் நுரையீரல் தேறும். காலம் கடந்தால் தேறாது.

மேல்நாட்டில் இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றார்கள். நம்ம ஊரில் ஆளுக்கு ஒரு நாள் வார லீவு. ஆகவே எல்லாருக்கும் ஒரே நாளில் வராது. ஒருத்தருக்கும் சந்தேகமும் வராது! ஆஸ்துமா என்பார்கள், டி.பி. என்று பயந்து தட்டைத் தனியாக வைப்பார்கள். டி.பி. தொற்றும், இது தொற்றாது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி, முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இது இருந்தது. 2020-ல் இயற்றிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் நோய் என்றே தெரியாதவர் எதை அறிவிப்பார்?

"மூக்கில் துணியைக் கட்டிக்கொள்" என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடுமா? முடியாது என்பதே என் கருத்து. தூசி தலைவிதி அல்ல, அது மெஷின் பிரச்னை. அமெரிக்காவில் 1978-ல் நூற்பாலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் பருத்தித் தூசிதான் இருக்கலாம் என்று விதித்தார்கள். ஆலைகள் இயந்திரத்தை மாற்றின, நோயும் வெகுவாகக் குறைந்தது. கார்டிங் மெஷினுக்கு மூடி சரியாக இருக்கிறதா? உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறதா? பில்டர் எப்போது மாற்றினார்கள்? ஏர் பைப்பால் ஊதிச் சுத்தம் செய்யாமல் வாக்குவம் கிளீனர் வைத்தால் என்ன? இதெல்லாம் டாக்டர் வேலையா? இல்லை நண்பர்களே, நம் வேலை!

நாளை டிப்ளமோவை வாங்கிக்கொண்டு நம்மில் பலர் இதே மில்களில் சூப்பர்வைசராகவும் மெயின்டனன்ஸிலும் போய் நிற்போம். அன்று ஒருவர், "லீவுக்கு மறுநாள் மூச்சு முட்டுது சார்" என்று வருவார். நான் சிரித்தது போல் நீங்கள் சிரிக்காதீர்கள். அவரை டாக்டரிடம் அனுப்புங்கள். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு புளோரூமுக்குப் போங்கள்.

அவர் யாரோ ஒருவரின் அப்பா.

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு