விடியற்காலை விழா



சென்னைப் பக்கம் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவன் அழைத்ததால், அவர்களுடைய ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். கூட்டம் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று காலை 6 மணிக்கே விழா. கேக், கைதட்டல், பரிசு. ஊழியருக்கென்றே ஒரு விழா எடுப்பது நல்ல காரியம். ஆனால் துப்புரவுப் பணியாளர்கள் மட்டும் ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க சார்" என்கிறான்.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. நல்ல வெயிலில் ஜனங்கள் தவித்தார்கள். கோட்டையும் ராட்டினமும் தாகம் தீர்க்குமா?

நம் கூரம் செப்பேட்டைப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் தந்த தானத்தில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கப் பங்கு உண்டு. அங்கே தண்ணீரும் நெருப்பும் தருவதற்கும் தனிப் பங்கு உண்டு.

உங்களில் பலர் இன்று மேலாளர்கள். சம்பளம் யார் கொடுத்தாலும் சரி, விழா நாளில் துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லி அவர்களையும் மேடைக்கு அழையுங்கள். உங்கள் வாத்தியாருக்கு அதுதான் மரியாதை.