பதினெட்டு ஆண்டு தோற்காத டானி நியேட்டஸ்

ஒரு தொழில்முறை குத்துச்சண்டை வீரர் 2004-ல் இந்தோனேசியாவில் ஒரு போட்டியில் தோற்றார். அவருடைய அடுத்த தோல்வி 2022-ல், டோக்கியோவில். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் நான்கு எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன் ஆனார். ஹெவிவெயிட்டில் ஒருவர் இதைச் செய்திருந்தால் குத்துச்சண்டையே பார்க்காத வீட்டிலும் அவர் பெயர் புழங்கியிருக்கும். டானி நியேட்டஸ் என்ற பெயரோ, ஃபிலிப்பைன்ஸை விட்டு வெளியே வந்தால், இந்த ஆட்டத்தை விடாமல் பின்தொடர்பவர்களுக்கு மட்டுமே தெரியும். திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல. அவருடைய உடல் எடைதான் காரணம்.

அவர் முதல் உலகப் பட்டம் வென்ற மினிமம்வெயிட் பிரிவின் உச்சவரம்பு 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. ஆண்கள் குத்துச்சண்டையில் அதற்குக் கீழே பிரிவே கிடையாது. 1987-ல்தான் இந்தப் பிரிவுக்கு உலகப் பட்டம் வந்தது. அதற்கு முன் இந்த உடல்வாகு உள்ளவர்கள் தங்களைவிடக் கனத்தவர்களோடு மோதவேண்டும், இல்லையென்றால் வேறு வேலை பார்க்கவேண்டும்.

பயிற்சியாளனாக இந்த எடைப் பையன்களோடு தராசின் முன்னால் எத்தனையோ காலைகள் நின்றிருக்கிறேன். எடை பார்க்கும் நாளில் கடைசி அரைக் கிலோதான் உயிரை எடுக்கும். முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்கியிருக்காது. உதடு வெடித்திருக்கும். துப்பிப் பார்ப்பான், எச்சில் வராது. கழுத்துக் கயிற்றை, அரைஞாணைக்கூட அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு ஏறுவான். நூறு கிலோ மனிதனுக்கு ஒரு கிலோ என்பது உடலில் நூற்றில் ஒரு பங்கு. இவனுக்கோ அது நூற்றில் இரண்டுக்கும் மேல். கொழுப்பு ஏற்கெனவே இல்லாத உடம்பில் அந்த ஒரு கிலோவை எங்கிருந்து எடுப்பது? ‘சின்ன எடைதானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காலைகள்தான் கண்ணில் வருகின்றன.

நியேட்டஸ் 1982-ல் பிறந்தார். ஊர் முர்சியா, நீக்ரோஸ் ஆக்ஸிடென்டல் மாகாணம். நீக்ரோஸ் தீவு கரும்புக்குப் பேர்போனது. ஆலை ஓடாத மாதங்களை அங்கே ‘டியெம்போ முவெர்தோ’ என்பார்கள்; செத்த காலம் என்று அர்த்தம். கரும்புக் கூலிகளுக்கு வேலையும் இல்லாத, சோறும் நிச்சயமில்லாத காலம். 1980-களின் நடுவில் சர்க்கரை விலை விழுந்தபோது அந்தத் தீவின் குழந்தைகள் பட்டினியால் வாடிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அந்த மண்ணிலிருந்துதான் குத்துச்சண்டை வீரர்கள் அணிஅணியாக வந்தார்கள். ‘பான்ச்சோ வில்லா’ என்று அறியப்பட்ட ஃபிரான்சிஸ்கோ கில்லேடோ இதே மாகாணத்தின் இலோக் ஊர்க்காரர். 1923 ஜூனில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜிம்மி வைல்டை வீழ்த்தி ஃப்ளைவெயிட் பட்டத்தை எடுத்தார். உலக சாம்பியன் ஆன முதல் ஆசியர் அவர்தான். இரண்டே ஆண்டில், பல்லில் தொடங்கிய தொற்று தொண்டைக்குப் பரவி, சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். வயது இருபத்துநான்குகூட முடியவில்லை.

ஒலிம்பிக் பதக்கம் வென்ற வெலாஸ்கோ சகோதரர்கள் பாகோ நகரத்துக்காரர்கள். அதுவும் இதே மாகாணம்தான். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நியேட்டஸ் கடல் தாண்டி செபு நகரத்துக்கு வந்தார். அங்கே அந்தோனியோ அல்தேகெர் நடத்திய ஏ.எல்.ஏ. பயிற்சிக் கூடத்தில் முதலில் துப்புரவு வேலையும் எடுபிடி வேலையும் பார்த்தார். தரையைத் துடைத்த கூடத்திலேயே கையுறை மாட்டி, 2003-ல் தொழில்முறை வீரர் ஆனார். 2007 செப்டம்பர் 30 அன்று செபுவில் தாய்லாந்தின் போன்சவான் போப்ரமூக்கைப் புள்ளிக் கணக்கில் வென்று உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஓ.வின் மினிமம்வெயிட் சாம்பியன் ஆனார். நான்கு ஆண்டு கழித்து பகோலோடில் மெக்சிகோவின் ரமோன் கார்சியா இராலெஸை வென்று 108 பவுண்டு பட்டத்தை எடுத்தார். ஃபிலிப்பைன்ஸ் மக்கள் தெய்வமாகக் கொண்டாடும் கேப்ரியல் எலோர்டே 1960 முதல் 1967 வரை ஏழாண்டும் மூன்று மாதமும் சாம்பியனாக இருந்தவர். அந்த நாட்டில் அதைவிட நீண்ட ஆட்சி கிட்டத்தட்ட ஐம்பதாண்டாக வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. 2014 இறுதியில் நியேட்டஸ் அதைத் தாண்டினார்.

அவருக்கு ‘அஹாஸ்’ என்று பட்டப்பெயர். தகலாக் மொழியில் பாம்பு என்று பொருள். வீட்டில் பாம்பு வளர்த்ததால் வந்த பெயர் என்பார்கள். அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அவர் ஆடும்போது கையைப் பார்க்காதீர்கள், முன்காலைப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். எதிராளியின் இடக்கை நீளும் நொடியில் அந்தக் கால் ஒரு சாண் பின்னால் போகும். குத்து மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அது திரும்பிப் போவதற்குள் இவருடைய வலக்கை அதே பாதையில் உள்ளே போய்விடும். அதன் பின்னாலேயே ஈரலுக்கு ஓர் இடது ஹூக். ஓடி ஒளிவதும் இல்லை, மல்லுக்கட்டிப் பிடித்துக்கொள்வதும் இல்லை. ஐந்தடி மூன்று அங்குல மனிதர், அடி விழும் தூரத்திலேயே நின்றுகொண்டு அடி வாங்காமல் இருப்பார். குத்துச்சண்டையில் கற்றுக்கொடுக்க மிகக் கடினமானது அதுதான்.

மோய்செஸ் ஃபுவென்தெஸோடு ஆடிய இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இவர் எப்படிப்பட்ட மாணவர் என்பது தெரியும். 2013 மார்ச்சில் செபுவில் நடந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. உயரமான அந்த மெக்சிகோக்காரர் விடாமல் குத்திக்கொண்டே இருந்தார். சொந்த மண்ணில் நியேட்டஸ் தப்பினார் என்று பலர் எழுதினார்கள். 2014 மே மாதம் மணிலாவில் மறுபடி மோதினார்கள். ஒன்பதாம் சுற்றில் ஃபுவென்தெஸ் நாக் அவுட். அந்தப் பதினான்கு மாதத்தில் நியேட்டஸின் உடம்பு மாறிவிடவில்லை. எதிராளியைப் படித்து வைத்திருந்தார்.

இதற்குப் பிறகு நடந்தவை எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கின்றன. 2017-ல் 112 பவுண்டில் ஐ.பி.எஃப். என்ற இன்னொரு அமைப்பின் பட்டம். முப்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார். இந்தச் சிறு எடைகளில் அது முதுமை. வேகத்தை நம்பி ஆடும் ஃப்ளைவெயிட் வீரர்கள் முப்பதைத் தாண்டியதுமே தளர்ந்துவிடுவது வழக்கம். அப்போது அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சி, ‘சூப்பர்ஃப்ளை’ என்ற பெயரில் சிறு எடை வீரர்களை மட்டுமே வைத்து நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கியது. வழக்கமாகத் துணைப் போட்டிகளில் மூலையில் கிடந்தவர்கள் அன்று முதன்மை மேடைக்கு வந்தார்கள். 2018 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில் அர்ஜென்டினாவின் ஹுவான் கார்லோஸ் ரெவேகோவை ஏழாம் சுற்றில் நிறுத்தினார் நியேட்டஸ். அதே அரங்கில் செப்டம்பரில் சக நாட்டவர் ஆஸ்டன் பலிக்டேயோடு காலியான 115 பவுண்டு பட்டத்துக்கு ஆடினார். ஒரு நடுவர் இவருக்குக் கொடுத்தார், ஒருவர் பலிக்டேவுக்கு, மூன்றாமவர் சமன் என்றார். நியேட்டஸ் தெளிவாக வென்ற ஆட்டம் அது என்பது என் முடிவு.

ஆண்டின் கடைசி நாளில், மக்காவில், ஜப்பானின் கசுதோ இயோகாவை வென்று அதே பட்டத்தை எடுத்தார். இயோகாவின் மாமா ஹிரோகி இயோகா, 1987-ல் டபிள்யூ.பி.சி.யின் முதல் மினிமம்வெயிட் சாம்பியன். அந்தக் குடும்பத்துப் பிள்ளையை முப்பத்தாறு வயதில் வென்றார். மேனி பாக்கியாவ், நோனிதோ டொனைர் இருவருக்கும் அடுத்து நான்கு பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற மூன்றாவது ஃபிலிப்பினோ ஆனார். அதே டிசம்பரில்தான் ஹெச்.பி.ஓ. குத்துச்சண்டை ஒளிபரப்பையே நிறுத்திக்கொண்டது.

பட்டம் கையில் இருந்தது, ஆனால் அதைக் காசாக்கும் கடை மூடிவிட்டது. பலிக்டேயோடு மறுபடி ஆடு என்று டபிள்யூ.பி.ஓ. உத்தரவிட்டது. பெரிய பெயரோடு ஒரு பெரிய போட்டி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நியேட்டஸ் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் போட்டி வரவே இல்லை. 2019 ஜூனில் பலிக்டேயை வீழ்த்தி, நியேட்டஸ் கீழே வைத்த அதே பெல்ட்டை இயோகா இடுப்பில் கட்டிக்கொண்டார். 2020-ல் கொரோனா. ஜூலையில் ஏ.பி.எஸ்-சி.பி.என். தொலைக்காட்சிக்கு ஃபிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் உரிமத்தை மறுத்தது, ஏ.எல்.ஏ.யின் ‘பினோய் பிரைட்’ போட்டிகளை ஒளிபரப்பியது அந்த நிறுவனம்தான். அடுத்த மாதமே ஏ.எல்.ஏ. கூடமும் மூடப்பட்டது. நியேட்டஸ் துடைத்த தரை, அவர் வளர்ந்த ரிங், எல்லாம் போயிற்று. மக்காவில் வென்ற நாளிலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு அவர் இரண்டேகால் ஆண்டு காத்திருந்தார். ஒரு விளையாட்டு வீரரின் முப்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டு வரையான ஆண்டுகள் திரும்பக் கிடைப்பவை அல்ல. 2022 ஜூலையில், நாற்பது வயதில், டோக்கியோவில் இயோகாவிடமே அந்தப் பட்டத்தைக் கேட்டுப் போனார். மூன்று நடுவர்களும் இயோகா பக்கம். அந்த இரவோடு 43 வெற்றி, 2 தோல்வி, 6 சமன் என்றானது அவர் கணக்கு.

‘எடையைக் கூட்டிக்கொண்டு மேலே போயிருக்கலாமே, பாக்கியாவ் போகவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கியாவும் 1995-ல் 106 பவுண்டில்தான் தொடங்கினார். 112-ல் உலக சாம்பியன் ஆனார், 1999-ல் தராசில் எடை கூடிப்போய்ப் பட்டத்தை இழந்தார், அங்கிருந்து நேராக 122-க்குத் தாவினார். அதன்பிறகுதான் லாஸ் வேகஸ் அவருக்குக் கதவைத் திறந்தது. அந்த உடம்பு வளர்ந்து இடம் கொடுத்தது. நியேட்டஸின் எலும்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அது அவர் குற்றமா? 105-லிருந்து 115 வரை நான்கரைக் கிலோதானே என்று சிரிப்பவர்கள், அது அவர் தொடங்கிய எடையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். எடைப் பிரிவு என்ற ஏற்பாடே சமமான உடல்களை மோதவிட்டுத் திறமையை அளப்பதற்காக வந்தது. அளந்து முடித்தபின், அந்த எடையையே காட்டித் திறமையை மட்டம் தட்டுவது எந்த நியாயம்?

இந்தப் பாராமுகம் பணச் சந்தையோடு நிற்கவில்லை. 1968 முதல் 2016 வரை ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 48, 49 கிலோ பிரிவு இருந்தது. ஃபிலிப்பைன்ஸுக்கு 1988-ல் லியோபோல்டோ செரான்தெஸ் வெண்கலம், 1992-ல் ரோயல் வெலாஸ்கோ வெண்கலம், 1996-ல் அவர் தம்பி மன்சுவேட்டோ ‘ஓன்யோக்’ வெலாஸ்கோ வெள்ளி என்று அடுத்தடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கம் அந்த ஒரே பிரிவில்தான் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பிரிவுகளைக் கூட்டுவதற்காக அதை எடுத்துவிட்டார்கள். பெண்களுக்குப் பிரிவுகள் கூடியதை முழு மனதோடு வரவேற்கிறேன். அதற்கான இடத்தை மிகச் சிறிய உடல்களிடமிருந்துதான் பிடுங்கவேண்டுமா? நம் நாட்டின் அமித் பங்கால் 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோவில் தங்கம் வென்றவர். அவரும் வேறு வழியின்றி 52 கிலோவுக்குப் போகவேண்டியிருந்தது. என் கூடத்துக்கு வரும் 47 கிலோ பையனிடம் ஒலிம்பிக்கைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் வருவதில்லை.

சிறு எடையில் கலை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபெஸ் 105 பவுண்டில் இருபத்தொரு முறை பட்டத்தைக் காத்து, ஒரு தோல்விகூட இல்லாமல் ஓய்வு பெற்றார். நிகராகுவாவின் ரோமன் கொன்சாலெஸ் அதே 105-ல் தொடங்கியவர். எடையைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் வைத்துப் போடும் ‘தி ரிங்’ இதழின் பட்டியலில் 2015-ல் முதலிடத்துக்கு வந்தார். நியேட்டஸ் இந்த வரிசையில் வைக்கப்படவேண்டியவர்.

நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரில் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் இருக்கிறது. எலோர்டே 1993-ல், பான்ச்சோ வில்லா 1994-ல், பாக்கியாவ் 2025-ல் அங்கே இடம் பெற்றார்கள். ரிக்கார்டோ லோபெஸும் அங்கே இருக்கிறார். வாக்களிக்கும் எழுத்தாளர்கள் தங்கள் சீட்டில் டானி நியேட்டஸ் பெயரையும் எழுதவேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் ஃபுவென்தெஸோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும், முன்காலைக் கவனித்து.