காற்றுக்கு வழி விடுவோம்!

(பத்தாம் வகுப்பு மாணவி)

உழைக்கிற உடல் வியர்க்கும். உழைக்கிற யந்திரம் சூடாகும். இது இயற்கையின் நியதி. மாவரைக்கும் கிரைண்டரும் தையல் யந்திரத்தின் மோட்டாரும் சற்று நேரத்தில் சுடுவதை நாம் தொட்டு அறிந்திருக்கிறோம். இல்லங்களிலும் பள்ளிகளிலும் இடம் பிடித்துவிட்ட கணிப்பொறியும் இந்நியதிக்கு விலக்கன்று. அதன் பெட்டியைக் குளிர்ச்சியாக வைப்பது எங்ஙனம், அப்பெட்டியைச் செய்ய வேண்டியவர் யார் என்னும் இரு வினாக்களுக்கு எங்கள் கருத்தை இவ்வாண்டு மலர் வாயிலாகக் கூற விழைகிறோம்.

கணிப்பொறி நாள் முழுவதும் கணக்குப் போட்டாலும் நீரை இறைப்பதில்லை, சுமையைத் தூக்குவதில்லை. எனவே அது உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 500 வாட் மின்சாரம் உட்கொண்டால் வினாடிக்கு 500 ஜூல் வெப்பம் பெட்டிக்குள் பிறக்கும். அது வெளியேறாவிட்டால் பிராசசரின் சூடு ஏறிக்கொண்டே போகும். இக்காலப் பிராசசர்கள் பல 95 அல்லது 100 டிகிரியை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதிக விலை கொடுத்து வாங்கிய வேகம் நமக்குக் கிட்டாமலே போகும்!

இத்தொல்லை இன்று நேற்று வந்ததன்று. 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட 'எனியாக்' கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை உட்கொண்டது; அவ்வெப்பத்தைப் பெரிய ஊதுவிசிறிகளைக் கொண்டு வெளியேற்றினார்கள். அந்த யந்திரத்துக்குக் கணக்குகளை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்களுள் கே மெக்நல்டியும் பிரான்சிஸ் பைலாஸும் ஒரே மகளிர் கல்லூரியில் கணிதம் பயின்று 1942இல் பட்டம் பெற்ற தோழியர். கம்பிகளைச் செருகுவதும், சுவிட்சுகளைத் திருப்புவதும், பழுது எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதும் அந்த அறுவரின் பணியாயிருந்தன.

பின்னர் 1976இல் வந்த 'கிரே-1' என்னும் பெருங்கணிப்பொறியைக் குளிர்விக்க, குளிர்சாதனப் பெட்டியில் அக்காலத்தில் பயன்பட்ட ஃபிரியானைக் குழாய்களில் ஓடவிட்டார்கள். 1985இல் வந்த 'கிரே-2'வின் மின்சுற்றுகளை, மின்சாரம் கடத்தாத திரவத்தில் மூழ்க வைத்தார்கள். அன்று ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்த இக்கவலை இன்று நம் மேசைக்கே வந்துவிட்டது. 1993இல் வந்த முதல் பெண்டியம் பிராசசருக்குச் சுமார் 15 வாட் போதுமாயிருந்தது. 2023இல் வந்த இன்டெல் ஐ-9 14900கே உச்ச உழைப்பில் 253 வாட் கேட்கிறது. 2025இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 575 வாட் வரை விழுங்குகிறது.

ஆகவே ஆற்றல் மிக்க குளிர்விப்பு வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெறும் வழி என்ன? விளம்பரங்களைப் பார்த்தால், வண்ண விளக்கெரியும் ஒன்பது விசிறிகளும் முன்புறக் கண்ணாடியும் நீர்க் குழாய்களும் இருந்தால் போதும் என்று எண்ணத் தோன்றுகிறது. கடையில் விற்கும் விசிறிகளை அடுக்கினால் குளிர்ச்சி வந்துவிடாது, காற்று செல்லும் பாதையைச் சிந்தித்து அமைத்தால்தான் வரும் என்பதே எங்கள் கருத்து. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நம் பௌதிகப் பாடமே போதும்.

ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 1.2 ஜூல் தேவை. பெட்டிக்குள் நுழையும் காற்று 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு லிட்டரும் 12 ஜூல் வெப்பத்தைச் சுமந்து செல்லும். 500ஐ 12ஆல் வகுத்தால் சுமார் 42. அதாவது வினாடிதோறும் 42 லிட்டர், ஏறக்குறைய மூன்று குடம் காற்று, பெட்டிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். முன்புறத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு ஒன்பது விசிறி வைத்தால் இந்த மூன்று குடம் காற்று எங்கிருந்து வரும்? விசிறியின் உறையில் அச்சிட்டிருக்கும் அளவும் தடையில்லாத வெளியில் காணும் அளவே. முன்னால் தடுப்பு வந்தால் அது குறைந்துவிடும்.

"நீரால் குளிர்விக்கலாமே?" என்று கேட்கலாம். நீர் மிகச் சிறந்த சுமைகூலிதான். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 4,200 ஜூல் தேவை. ஆயினும் நீர் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. பிராசசரிலிருந்து எடுத்துச் சென்று ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அங்கே மீண்டும் அதே காற்றுத்தான் வரவேண்டும். இறுதியில் எல்லா வெப்பமும் நம் அறையின் காற்றையே சேர்கிறது.

இங்கேதான் நம் நாட்டின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். விசிறியோ நீரோ எதுவாயினும், அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்க இயலாது. 20 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் பிராசசர், சித்திரை மாதத்தில் 38 டிகிரி உள்ள நம் அறையில் 88 டிகிரியை ஒட்டிக் காட்டும். குளிர் தேசத்தில் சோதித்துப் புகழ்ந்த பெட்டியை அப்படியே இங்கே வாங்கி வைத்தால் போதாது என்பது இதனால் விளங்குகிறதல்லவா? நம் வெயிலும் நம் தெருப் புழுதியும் அறிந்து செய்த பெட்டி நமக்கு வேண்டும். அதை நாமே செய்தல் நலம்.

செய்ய முடியுமா என்று ஐயுற வேண்டாம். பள்ளியில் ஒதுக்கிவைத்திருந்த பழைய கேபினெட் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். மின்சாரம் இல்லாத பழைய கார்டுகளை உள்ளே வைத்து, விசிறிகளை மட்டும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடவிட்டு, சகோதரியின் மேற்பார்வையில் முன்புறம் ஓர் ஊதுவத்தியைக் காட்டினோம். புகை உள்ளே சென்றது. ஆனால் உடனே மேற்புறத் துளை வழியாக வெளியேறிவிட்டது. கீழேயிருந்த கிராபிக்ஸ் கார்டின் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேல் துளையை அட்டையால் மூடினோம். புகை கார்டைத் தழுவிக்கொண்டு பின்புறமாகச் சென்றது! புதிய விசிறி ஒன்றும் வாங்கவில்லை. செலவு ஓர் அட்டைத் துண்டுதான்.

இதனை அறிந்த பின் பெட்டி கட்டுவது கடினமன்று. ஏ.டி.எக்ஸ். அளவு மதர்போர்டு 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. காகிதத்தில் அளவெடுத்து வரைந்து கொடுத்தால் தகரப் பட்டறையில் தகட்டை வெட்டி மடித்துத் தருவார்கள். முன்புறத்துக்குத் துளைத் தகடு போதும். அதன்மேல் கழுவி மாட்டக்கூடிய மெல்லிய வலை வைத்தால் புழுதி தங்கும். உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே இழுப்பவற்றைவிடச் சற்று வலுவாயிருந்தால், இடுக்குகள் வழியே தூசி நுழையாது. சிறிய விசிறி வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவது நன்று, இரைச்சல் குறையும். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும்; அது கேட்கும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

"மின்சார விஷயம், பெண் பிள்ளைகளுக்கு ஏன்?" என்பார்கள். அச்சம் நியாயமானதே. அதனால்தான் மின்கம்பியைப் பிடுங்காமல் பெட்டியைத் திறக்கலாகாது. பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் திறக்கலாகாது. வெட்டிய தகட்டின் விளிம்பை அரத்தால் தேய்க்காமல் தொடலாகாது. மதர்போர்டைப் பித்தளைத் தாங்கிகளின் மேலன்றித் தகட்டில் படும்படி வைக்கலாகாது. இவ்விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. விசிறி வாங்கச் சென்ற கடையில் வினாக்களைக் கேட்டவர்கள் நாங்கள். கடைக்காரரோ விடைகளையெல்லாம் துணைக்கு வந்திருந்த தோழியின் தம்பியிடமே கூறினார்! அவன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். அன்று நாங்கள் சிரித்தோம். ஆனால் அது சிரித்து மறக்கத்தக்கதன்று.

"விளையாட்டுக்குத்தானே இவ்வளவும்?" என்பது மற்றொரு கேள்வி. கடிதம் தட்டச்சு செய்யவும் பாடம் படிக்கவும் மட்டுமே பயன்படும் கணிப்பொறிக்கு ஆற்றல் மிக்க குளிர்விப்பு வீண் செலவே. இதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெரிய கணக்குகளும் படத் தொகுப்பும் செய்யும் யந்திரத்துக்கு அது அவசியம். எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்தவளை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது. பெற்றோரின் பணமும் மிஞ்சும்.

எனவே அன்புடன் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மதிப்பிற்குரிய சகோதரிகளே! பழுதென்று கழிக்கும் கணிப்பொறிகளைப் பழைய சாமான் கடைக்கு அனுப்புமுன் எங்கள் கையில் தாருங்கள். வாரம் ஒரு கைவேலை நேரத்தைத் தகட்டுக்கும் திருப்புளிக்கும் ஒதுக்குங்கள். அன்புப் பெற்றோரே! வீட்டில் கணிப்பொறியைத் திறக்கும்போது விளக்கைப் பிடிக்க மட்டும் மகளை அழைக்காமல், திருப்புளியையும் அவளிடம் கொடுத்துப் பாருங்கள். அருமைத் தோழியரே! "எனக்கென்ன தெரியும்" என்று பின்வாங்காதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கும் ஓர் ஊதுவத்தியும் நமக்கு எவ்வளவு காட்டின என்று பார்த்தீர்களல்லவா?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. நமக்கோ காற்று எப்போதும் உண்டு. அதற்கு வழி செய்யும் கைகளே வேண்டும். அக்கைகள் நம்முடையவையாக இருக்கட்டும்.